ஸ்லாட் இருந்தால் போதுமா? மழைமானிப் பெட்டியின் கெர்னலுக்குள் ஒரு விரிவாக்க அட்டையைச் சேர்ப்பது எப்படி

தேயிலை மலையின் மேல் நிற்கும் ஒரு தானியங்கி மழைமானிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் மோடம் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது. உலகெங்கும் 3ஜி வலையமைப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருவதால், அதை மாற்றித்தான் ஆக வேண்டும். புதிய 4ஜி அட்டை வாங்கியாயிற்று. பழையதைக் கழற்றிவிட்டு அதே ஸ்லாட்டில் செருகினால் கச்சிதமாகப் பொருந்துகிறது, மின்சாரமும் போகிறது. ஆனால் பெட்டிக்கு அப்படி ஒரு அட்டை இருப்பதே தெரியவில்லை.

தோட்டத்து ஆபீஸிலும் பிரதேச சபையிலும் பாடசாலை விஞ்ஞானக் கழகத்திலும் இதே கேள்வி வருகிறது: எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் ஓடவில்லை? பதில் ஸ்லாட்டில் இல்லை. பெட்டிக்குள் ஓடும் கெர்னலில் இருக்கிறது.

இலங்கை மலையகத்தில் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டிய காரணம் உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகளைக் கிழித்துப்போட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழை அளவுதான் அடிப்படை. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 மி.மீ. என்றால் ஆயத்தமாக வேண்டும், 150 மி.மீ. அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. என்றால் வெளியேற வேண்டும். அந்த எண்ணைத் தருவது இந்தப் பெட்டி. அதற்குள் கை வைப்பவர் என்ன செய்கிறார் என்பது ஊருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

பெட்டி என்ன செய்துகொண்டிருக்கிறது

பரவலாகப் புழங்கும் மழைமானிக்குள் சிறிய இரட்டைக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் நிறைந்ததும் கவிழும், மறுபக்கம் நிறையத் தொடங்கும். ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. மழை என்பது வழக்கமான அளவு. ஒவ்வொரு கவிழ்ப்பும் ஒரு காந்த சுவிட்சை ஒரு கணம் மூடித் திறக்கிறது. அந்தத் துடிப்பைப் பார்த்ததும் கெர்னல் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 75 மி.மீ. என்றால் 375 கவிழ்ப்புகள். ஏறத்தாழ 10 வினாடிக்கு ஒன்று. கணினிக்கு இது ஒன்றுமே இல்லாத வேலை. ஆனால் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாத வேலை.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்பகுதி. எந்த நிரல் எப்போது ஓடுவது, நினைவகத்தில் எந்த இடம் யாருக்கு, வெளியிலிருந்து வரும் சிக்னலுக்கு யார் பதில் சொல்வது என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. இத்தகைய பெட்டிகளில் ஓடுவது சுருக்கப்பட்ட கெர்னல். பலகையில் என்னென்ன இருக்கிறது என்பது அதை எழுதிய நாளிலேயே தெரியும் என்பதால், அதையே நிரலில் நேரடியாக எழுதி வைத்திருப்பார்கள். 'இந்த முகவரியில் சீரியல் போர்ட், இந்த முள்ளில் மழைமானி.' புதிதாக ஒன்று வந்து சேரும் என்ற எண்ணமே அதற்குக் கிடையாது. விரிவாக்க அட்டையைச் சேர்ப்பது என்றால், முதலில் அந்த எண்ணத்தைக் கெர்னலுக்குள் கொண்டுவருவதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது: ஒரே ஸ்லாட்டில் இரண்டு பாதை

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். சிறு பலகைகளில் பரவலாக இருக்கும் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் 52 முனைகள் உண்டு. பெயரைப் பார்த்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இணைப்பு முறை ஒன்றுதான் ஓடும் என்று தோன்றும். உண்மையில் அதே இணைப்பியில் யுஎஸ்பி 2.0க்கான கம்பிகளும் சிம் அட்டைக்கான கம்பிகளும் இருக்கின்றன. வைஃபை அட்டைகள் பொதுவாகப் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் பேசும். மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வடிவத்தில் வரும் 4ஜி மோடங்களில் பெரும்பாலானவை யுஎஸ்பி பாதையில் பேசும். வடிவம் ஒன்று, பேச்சு வேறு. எம்.2 ஸ்லாட்டிலும் இதே கதைதான்.

ஆகவே அட்டையின் தரவுத்தாளில் எந்தப் பாதை என்று பார்க்காமல் கெர்னலில் ஒரு வரிகூட எழுதக் கூடாது. யுஎஸ்பி என்றால் தேவைப்படுவது யுஎஸ்பி ஹோஸ்ட் அடுக்கும், அதன் மேல் மோடம் நெறிமுறையும். பிசிஐ எக்ஸ்பிரஸ் என்றால் கீழே வரும் வேலைகள் எல்லாம் தேவை. பலகை செய்தவர் இரண்டில் ஒரு பாதைக்கு மட்டும் கம்பி இழுத்துவிட்டு மற்றதை விட்டிருக்கவும் கூடும். அப்படியானால் எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

பயாஸ் இல்லாத இடத்தில் கெர்னலே செய்ய வேண்டியவை

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் அட்டையைச் செருகுபவரே ஜம்பர் முள்களை மாற்றி, முகவரியையும் இன்டரப்ட் (புராசசரைக் கூப்பிடும் சிக்னல்) எண்ணையும் அமைக்க வேண்டும். 1992இல் இன்டெல் வெளியிட்ட பிசிஐ அதை மாற்றியது. அட்டையே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முறை வந்தது. 2003இல் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் கம்பிகளை மாற்றினாலும் அந்த அறிமுக முறையைக் காப்பாற்றிக்கொண்டது. மேசைக் கணினியில் பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருள் இந்த அறிமுகத்தை எல்லாம் முடித்துவைத்த பிறகுதான் கெர்னல் எழுகிறது. மலை மேல் இருக்கும் பெட்டியில் பயாஸ் கிடையாது. கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் செய்யாவிட்டால் எல்லாம் கெர்னலின் தலையில்தான் விழும். வரிசை இதுதான்:

1. எழுப்புதல். அட்டைக்கு மின்சாரம் நிலையானதும் குறைந்தது 100 மில்லிவினாடி ரீசெட்டில் பிடித்து வைக்க வேண்டும். விடுவித்த பிறகு இன்னொரு 100 மில்லிவினாடி காத்திருந்துதான் முதல் கேள்வியைக் கேட்கலாம். அப்போதும் அட்டை 'இன்னும் தயாரில்லை, மறுபடி கேள்' என்று பதில் தர உரிமை உண்டு. 1 வினாடி வரை பொறுக்க வேண்டும். மேசையில் ஓடிய பெட்டி குளிரில் அட்டையைக் காணவில்லை என்று சொன்னால், நான் முதலில் சந்தேகப்படுவது இந்தக் காத்திருப்பைத்தான்.

2. கேட்டறிதல். ஒவ்வொரு அட்டைக்கும் கன்ஃபிகரேஷன் வெளி என்று ஒரு சிறு பகுதி உண்டு. பிசிஐயில் 256 பைட், பிசிஐ எக்ஸ்பிரஸில் 4096 பைட். அதன் முதல் 16 பிட்டில் தயாரிப்பாளர் எண், அடுத்த 16 பிட்டில் அட்டையின் எண். கெர்னல் ஒவ்வொரு பஸ்ஸாக (அட்டைகளை இணைக்கும் கம்பித் தொகுதி), ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டு போகும். ஆள் இல்லாத இடத்திலிருந்து எல்லா பிட்டும் 1 ஆக, அதாவது 65535 என்று பதில் வரும். வர வேண்டும். ஆனால் சில ஏஆர்எம் சிப்களில் அப்படி வராமல் புராசசரே பிழை எழுப்பி நின்றுவிடும். ஐ.எம்எக்ஸ் 6 சிப்புக்காக லினக்ஸில் இதற்கென்றே தனிப் பிழைக் கையாளி எழுதியிருக்கிறார்கள். காலி ஸ்லாட்டைக் கேட்டதற்காக மழைமானி நின்றுபோவதை ஏற்க முடியுமா?

3. இடம் ஒதுக்கல். புதிதாக வரும் குடும்பத்துக்குத் தோட்டத்து ஆபீஸ் ஆள் கணக்குப் பார்த்து லயக் காம்பிரா ஒதுக்குவது போல, கெர்னல் ஒவ்வொரு அட்டைக்கும் முகவரி ஒதுக்குகிறது. அட்டைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்கும் முறை எளிமையானது. அதன் முகவரிப் பதிவேட்டில் (அட்டைக்குள் ஓர் எண்ணை வைத்திருக்கும் சிறு இடம்) எல்லா பிட்டையும் 1 ஆக எழுதித் திரும்பப் படிக்க வேண்டும். வகையைச் சொல்லும் கடைசி 4 பிட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 1 மெகாபைட் வேண்டிய அட்டை கீழ் 20 பிட்டையும் 0 ஆகத் தரும். ஒதுக்கும் இடம் அந்த அளவின் மடங்கில்தான் தொடங்க வேண்டும் என்பதால், பெரியதை முதலில் வைத்துச் சிறியதைப் பிறகு வைப்பதே வசதி. சிறிய சிப்களில் இடமும் குறைவு. ஐ.எம்எக்ஸ் 6இல் பிசிஐ எக்ஸ்பிரஸுக்கான முகவரி வெளி மொத்தமே 16 மெகாபைட். கன்ஃபிகரேஷனுக்குப் போக அட்டைகளுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 15. 16 மெகாபைட் கேட்கும் அட்டையை அதில் செருகினால், அட்டையும் நல்லது, ஸ்லாட்டும் நல்லது, இடம்தான் இல்லை.

4. அனுமதி. கட்டளைப் பதிவேட்டில் நினைவக அணுகலுக்கு ஒரு பிட், அட்டை தானாகவே நினைவகத்தில் எழுதுவதற்கு ஒரு பிட். இரண்டாவதை, அட்டையை இயக்கும் நிரலான டிரைவர் முழுவதும் தயாரான பிறகே திறக்க வேண்டும்.

5. டிரைவரைப் பொருத்துதல். தயாரிப்பாளர் எண்ணையும் அட்டை எண்ணையும் டிரைவர்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தியவரிடம் அட்டையை ஒப்படைப்பது. இதில் சொல்ல அதிகம் இல்லை.

இன்டரப்ட்: மழை எண்ணிக்கை தவறும் இடம்

இன்டரப்ட் என்பது வன்பொருள் புராசசரைக் கூப்பிடும் சிக்னல். மழைமானியும் அதைத்தான் பயன்படுத்துகிறது, புதிய அட்டையும் அதைத்தான் பயன்படுத்தப்போகிறது. பழைய பிசிஐ முறையில் நான்கு இன்டரப்ட் கம்பிகளை எல்லா அட்டைகளும் பகிர்ந்துகொள்ளும். கம்பியை இழுத்த அட்டை, தன்னைக் கவனிக்கும் வரை விடாது. இப்போது, டிரைவர் இல்லாத அட்டை ஒன்று கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? கெர்னல் இன்டரப்டுக்குள் போகும், 'எனக்கு இல்லை' என்று எல்லா டிரைவரும் சொல்லும், வெளியே வரும், அடுத்த கணமே மறுபடி உள்ளே இழுக்கப்படும். புராசசர் வேறு எந்த வேலையும் செய்யாது. கிண்ணம் கவிழ்ந்துகொண்டே இருக்கும், எண்ணிக்கை நின்றிருக்கும். வெளியில் இருப்பவருக்கு அது மழை ஓய்ந்தது போலத் தெரியும். இதைவிட ஆபத்தான பிழை இந்தப் பெட்டியில் இல்லை.

தீர்வுகள் உண்டு, கடினமானவையும் அல்ல. எம்எஸ்ஐ என்ற முறையில் அட்டை கம்பியை இழுக்காமல், கெர்னல் குறித்துக்கொடுத்த முகவரியில் ஒரு எண்ணை எழுதி அழைக்கும். பகிர்வு இல்லை, யார் கூப்பிட்டார் என்ற குழப்பமும் இல்லை. சிப் இடம் கொடுத்தால் இதையே எடுக்க வேண்டும். கம்பி முறைதான் கிடைக்கும் என்றால், யாரும் பொறுப்பேற்காத இன்டரப்ட் ஒரு வரம்பைத் தாண்டினால் அந்தக் கம்பியையே மூடிவிடும் காவல் கெர்னலில் இருக்க வேண்டும். லினக்ஸ் அப்படித்தான் செய்கிறது. இரண்டிலும், மழைமானியின் இன்டரப்டுக்கு முன்னுரிமை அட்டையை விட மேலே இருக்க வேண்டும். அட்டையின் இன்டரப்டுக்குள் செய்யும் வேலையும் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். மீதியைப் பிறகு ஓடும் த்ரெட்டுக்குத் தள்ளிவிடலாம்.

டிஎம்ஏ: எண்ணிக்கை பின்னோக்கிப் போகும் இடம்

வேகமான அட்டை எதுவும் புராசசரை எதிர்பார்த்து ஒவ்வொரு பைட்டாகக் கொடுத்து வாங்குவதில்லை. நேராக நினைவகத்துக்குள் எழுதும், படிக்கும். இதுதான் டிஎம்ஏ. இங்கே குறுக்கே நிற்பது கேஷ். புராசசர் அடிக்கடி தொடும் தரவின் நகலைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் சிறு நினைவகம் அது. மேசைக் கணினிகளில் டிஎம்ஏயும் கேஷும் ஒத்துப்போவதை வன்பொருளே பார்த்துக்கொள்ளும். சிறிய ஏஆர்எம் சிப்கள் பலவற்றில் அந்த ஏற்பாடு இல்லை. அட்டை எழுதிய புதிய தரவு நினைவகத்தில் இருக்க, புராசசர் கேஷில் உள்ள பழையதையே படித்துக்கொண்டிருக்கும். அதனால் டிரைவர் படிப்பதற்கு முன் அந்தப் பகுதியின் கேஷ் நகலைத் தூக்கி எறியச் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கேஷ் பைட் கணக்கில் வேலை செய்வதில்லை, வரிசைக் கணக்கில் செய்கிறது. ஐ.எம்எக்ஸ் 6இல் உள்ள கார்டெக்ஸ் ஏ9 புராசசரில் ஒரு வரிசை 32 பைட். அட்டைக்கான பஃபர் (தரவை வைக்கும் நினைவகப் பகுதி) 20ஆவது பைட்டில் முடிகிறது, அதே வரிசையில் 24ஆவது பைட்டில் மழை எண்ணிக்கை இருக்கிறது என்று வையுங்கள். புராசசர் எண்ணிக்கையை 212இலிருந்து 213 ஆக்குகிறது. புதிய மதிப்பு கேஷில் இருக்கிறது, நினைவகத்துக்கு இன்னும் போகவில்லை. அந்த நேரம் பார்த்து டிரைவர் பஃபருக்காக அந்த வரிசையை எறிகிறது. அதோடு 213உம் போய்விடும். அடுத்த முறை படிக்கும்போது 212. ஒரு கவிழ்ப்பு சுவடில்லாமல் மறைந்துவிட்டது. மோடம் அருமையாக வேலை செய்கிறது, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை.

மருந்து எளிது: டிஎம்ஏ பஃபர்கள் கேஷ் வரிசையின் தொடக்கத்தில் தொடங்கி முடிவில் முடிய வேண்டும். அவற்றைத் தருவதற்குக் கெர்னலில் ஒரே ஒரு வாசல் இருக்க வேண்டும், டிரைவர் எழுதுபவர் தன் இஷ்டத்துக்கு ஒதுக்கிக்கொள்ளக் கூடாது. நெட்பிஎஸ்டி என்ற திறந்த இயங்குதளம் இந்த ஒழுங்கைத் தன் பஸ் டிஎம்ஏ இடைமுகத்தில் நீண்ட காலமாக வைத்திருக்கிறது. அதனால்தான் அங்கே ஒரே டிரைவர் பலவகைப் புராசசர்களில் மாற்றமின்றி ஓடுகிறது. சிறிய கெர்னலுக்கு அட்டை ஆதரவு எழுதுபவர் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பகுதியைத்தான் என்பது என் கருத்து.

அட்டை போய்விட்டால்

மலையகத்தில் இதைத் தவிர்க்கவே முடியாது. நாள் கணக்கில் மூடியிருக்கும் மூட்டத்தில் சோலார் பலகை பற்றாது, மின்னழுத்தம் சரியும், முதலில் விழுவது அதிக மின்சாரம் இழுக்கும் மோடம்தான். ஈரம் முனைகளில் படிந்து தொடர்பும் விட்டுவிட்டுப் போகும்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை காணாமல் போன பின் அதன் பதிவேட்டைப் படித்தால் மறுபடியும் எல்லா பிட்டும் 1. 'வேலை நடக்கிறது என்ற பிட் 0 ஆகும் வரை காத்திரு' என்று எழுதிய டிரைவர் அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் அந்த பிட் இனி 0 ஆகவே ஆகாது. எல்லாக் காத்திருப்புக்கும் காலவரம்பு வேண்டும். எல்லா பிட்டும் 1 என்று வந்தால் 'அட்டை போயிற்று' என்று எடுத்துக்கொண்டு, பஃபர்களைத் திரும்ப வாங்கி, இன்டரப்டை மூடி, கொஞ்ச நேரம் கழித்து ரீசெட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அனுப்ப முடியாத மழைத் தரவை அதுவரை பிளாஷ் நினைவகத்தில் சேர்த்து வைக்க வேண்டும்.

எவ்வளவு எழுதுவது?

ஆர்டெம்ஸ் என்ற திறந்த நிகழ்நேர இயங்குதளம் பிசிஐ அமைப்புக்கு நான்கு வழிகளைத் தருகிறது. தானே தேடி ஒதுக்குவது, பூட்லோடர் செய்துவைத்ததைப் படித்துக்கொள்வது, முன்கூட்டியே எழுதிய நிலையான அட்டவணையைப் பயன்படுத்துவது, தன்னையே இன்னொரு கணினியின் அட்டையாக வைத்துக்கொள்வது. முதல் மூன்றும் நமக்குப் பொருந்தும்.

நிலையான அட்டவணையே இத்தகைய பெட்டிக்குச் சரி என்று நினைக்கிறேன். ஒரு ஸ்லாட், அதில் வரக்கூடியவை என்று சோதித்து ஒப்புக்கொண்ட இரண்டு மூன்று அட்டைகள். எல்லா அட்டையையும் ஏற்கும் பொதுவான தேடலை எழுதப்போனால், பஸ்களை இணைக்கும் பாலங்கள், அவற்றின் முகவரிச் சாளரங்கள் என்று நிரல் பெருத்து, யாரும் சோதிக்காத மூலைகள் கூடும். சேமிக்கும் நேரத்தைக் காலவரம்பிலும் மீட்டெடுப்பிலும் போட வேண்டும். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. நூறு அட்டைகளைக் கண்டுபிடிக்கும் கெர்னல், ஒரே அட்டை கழன்றால் உறைந்துபோகிறது.

எந்தக் கெர்னல் என்பதைப் பொறுத்தும் வேலையின் அளவு மாறும். லினக்ஸ் என்றால் தேடலும் ஒதுக்கலும் ஏற்கனவே உள்ளன. சிப்பின் ஹோஸ்ட் டிரைவரும், பலகையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பும் சரியாக இருந்தால் போதும். லினக்ஸ் பவுண்டேஷன் 2016இல் தொடங்கிய செஃபிர் திட்டத்திலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஆதரவு உண்டு. ஃப்ரீஆர்டிஓஎஸ் கெர்னலோ பணிகளை அட்டவணைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறது. மேலே சொன்ன ஐந்து படிகளையும் அங்கே நீங்களே கட்ட வேண்டும்.

அட்டை இல்லாமலே பழகலாம்

இந்த வேலைக்கு விலை கூடிய ஆய்வகம் வேண்டும் என்று ஹட்டனிலோ பண்டாரவளையிலோ படிக்கும் மாணவர் தயங்கத் தேவையில்லை. கியூஎம்யூ என்ற இலவச எமுலேட்டரில் கற்பித்தலுக்காகவே செய்த ஒரு பிசிஐ அட்டை இருக்கிறது, அதன் பெயர் 'எடு' (edu). அதற்கு 1 மெகாபைட் முகவரி வெளி. 4ஆவது பைட்டில் உள்ள பதிவேட்டில் ஓர் எண்ணை எழுதித் திரும்பப் படித்தால், எல்லா பிட்டையும் மாற்றிப்போட்டுத் தரும். அது வந்துவிட்டால் உங்கள் தேடலும் ஒதுக்கலும் சரி. 8ஆவது பைட்டில் எண்ணை எழுதினால் அதன் தொடர்பெருக்கத்தைக் கணக்கிட்டு, கேட்டிருந்தால் இன்டரப்டும் எழுப்பும். டிஎம்ஏயும் செய்யும். ஏஆர்எம் 'விர்ட்' இயந்திரத்தில் இதைச் செருகி, சொந்தக் கெர்னலில் படிப்படியாக எழுதிப் பார்க்கலாம். கேஷ் பிரச்சினை மட்டும் எமுலேட்டரில் தெரியாது. அதற்கு உண்மையான பலகை வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் வெளியே கொண்டுவரப்பட்ட ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் 4 போன்றவை அதற்குப் போதும்.

பெட்டி வாங்குகிறவர் கேட்க வேண்டியவை

நிரல் எழுதத் தெரியாத தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும்கூட இந்தக் கேள்விகளைக் கேட்கலாம், எழுத்தில் பதில் வாங்கலாம்:

1. இந்த ஸ்லாட்டில் எந்தெந்த அட்டைகளைச் செருகிச் சோதித்தீர்கள்? அவை யுஎஸ்பி பாதையா, பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையா?

2. அந்த அட்டையின் டிரைவர் மூல நிரலோடு வருகிறதா? மூடிய கோப்பாக மட்டும் வந்தால், கெர்னலை அடுத்த முறை புதுப்பிக்கும்போது அதை யார் மாற்றித் தருவார்கள்?

3. மோடத்தின் மின்சாரத்தை ஓடும்போதே துண்டித்து, மழைமானிக்குள் அளந்து நீர் ஊற்றி, எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று பார்த்தீர்களா? இதை வாங்குகிறவரே செய்துபார்க்கலாம். ஒரு லீட்டர் நீர், ஒரு சிறிய துளையுள்ள போத்தல், தயாரிப்பாளர் கொடுத்த கவிழ்ப்புக் கணக்கு, அவ்வளவுதான் தேவை. போத்தல் சொட்டுச் சொட்டாகக் காலியாகும் நேரத்தில் மோடத்தை மூன்று நான்கு முறை துண்டித்து இணைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் அந்தப் பெட்டியை மலைக்கு ஏற்ற வேண்டாம்.